நீர்க்கடுப்பு: வீட்டில் எதுவரை பார்த்துக்கொள்ளலாம், மருத்துவரிடம் எப்போது போக வேண்டும்? நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் பல ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு, புறநோயாளிச் சீட்டில் இடுப்புவலி என்றோ காய்ச்சல் என்றோ மட்டும் எழுதச் சொல்லும் பெண்கள் வாரந்தோறும் வருகிறார்கள். அவர்கள் என்னைத் தனியாக அழைத்துக் கேட்கும் கேள்விகளையும், மருத்துவர்களிடம் கற்றும் நோயாளிகளின் அருகிலிருந்து பார்த்தும் நான் அறிந்த விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

நீர்ச்சுருக்கு, நீர்க்கடுப்பு, யூரின் இன்ஃபெக்ஷன் என்பவை எல்லாம் ஒன்றுதானா?

பேச்சில் ஒன்றாகவே புழங்குகின்றன. ஆனால் பிரித்துப் பார்ப்பது நல்லது. நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீர் கெட்டியாகி, அடர்மஞ்சளாகக் கொஞ்சமாக இறங்கி, இலேசாக எரியும். 3, 4 தம்ளர் தண்ணீர் குடித்துச் சில மணி நேரத்தில் அது அடங்கிவிட்டால் அதை நீர்ச்சுருக்கு என்று விட்டுவிடலாம். தொற்று என்பது சிறுநீர்ப்பாதையில் கிருமி குடியேறிப் பெருகுவது. இங்கே தண்ணீர் குடித்த பிறகும் எரிச்சல் தொடரும். போய்விட்டு வந்து உட்காருவதற்குள் மறுபடியும் அவசரமாக வரும். போனால் சில சொட்டுகளே இறங்கும். அடிவயிறு கனத்து வலிக்கும். சிறுநீர் கலங்கியும் சில வேளைகளில் இரத்தம் கலந்தும் வரும்.

இந்தத் தொற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் நம் குடலில் இயல்பாக வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாதான். ஆசனவாய்ப் பக்கத்திலிருந்து அது சிறுநீர்த் துளைக்கு நகர்ந்து மேலேறுகிறது. ஆண்களுக்குச் சுமார் 20 செ.மீ. நீளமுள்ள சிறுநீர்க்குழாய் பெண்களுக்குச் சுமார் 4 செ.மீ. மட்டுமே இருப்பதால் கிருமி எளிதில் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுகிறது. பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வருகிறது. ஆகவே இது ஒழுக்கக்கேட்டினால் வருவது என்றோ, அசுத்தமாக இருப்பவர்களுக்கு மட்டும் வருவது என்றோ யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

உடம்புச் சூட்டினால் வருவது என்கிறார்களே, இந்தக் குளிரில் எப்படி வருகிறது?

சூடு என்று நம் பெரியவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. தண்ணீர் குறைந்த உடம்பைத்தான் அவர்கள் அப்படிச் சொன்னார்கள். மலையில் தண்ணீர் குறைவது வெயிலால் நடப்பதைக் காட்டிலும் குளிரால் அதிகம் நடக்கிறது, ஏனென்றால் குளிரில் தாகம் எடுப்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் மார்கழி மாத உறைபனிக் காலையில் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடிக்க யாருக்கும் மனம் வராது. சாயாவும் காப்பியும் மட்டும் இறங்கும்.

இரண்டாவது காரணம் அடக்கிவைப்பது. காலை 8 மணிக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்க இறங்கும் பெண், சரிவில் மறைவிடம் கிடைக்காது என்பதற்காகவும், அட்டைக்கும் காட்டெருமைக்கும் பயந்தும், வேலைக்குப் புறப்படும்போதே தண்ணீர் குடிக்காமல் வருகிறாள். மத்தியானக் கொழுந்து எடை போடும் வரை அடக்குகிறாள். தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகுகிறது. அடிக்கடி வெளியேறும் சிறுநீர்தான் அதை அடித்துக்கொண்டு போகும். கேரட் தோட்டத்தில் அறுவடைக்குப் போகிறவர்களுக்கும், பஸ்ஸில் நீண்ட நேரம் பயணம் செய்கிறவர்களுக்கும் இதே கதைதான். குடிநீரும் கழிப்பிடமும் தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே எழுதிவைத்தது. சரிவின் நடுவே ஒரு கதவுள்ள கழிப்பறை இருப்பது நான் கொடுக்கும் மாத்திரையை விடப் பல பெண்களைக் காப்பாற்றும் என்று உறுதியாக நம்புகிறேன்.

குளிர்காலத்தில் அடிக்கடி சிறுநீர் வருகிறது. அதுவும் தொற்றுதானா?

பெரும்பாலும் இல்லை. குளிரில் தோலிலுள்ள இரத்தக்குழாய்கள் சுருங்குவதால் உடலின் நடுப்பகுதிக்கு இரத்தம் கூடுதலாகச் செல்கிறது. அதைச் சமன்செய்யச் சிறுநீரகம் அதிகமாகச் சிறுநீரை வெளியேற்றுகிறது. சமவெளியிலிருந்து ஏறி வந்தவர்கள் முதல் நாளிலேயே இதைக் கவனிப்பார்கள். ஒவ்வொரு முறையும் தாராளமாக, தெளிவாக, எரிச்சலின்றிப் போனால் அது குளிரின் வேலை. அதோடு தீராத தாகமும் உடல் இளைப்பும் சேர்ந்திருந்தால் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள்.

யார் வீட்டில் ஒரு நாள் பார்த்துக்கொள்ளலாம்?

கர்ப்பமில்லாத, 65 வயதுக்குட்பட்ட, வேறு நோய் எதுவும் இல்லாத பெண்ணுக்கு, காய்ச்சலோ முதுகுவலியோ வாந்தியோ இன்றி, இலேசான எரிச்சலும் அடிக்கடி போகும் உணர்வும் மட்டும் இருந்தால் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். வழக்கமான மருத்துவ அறிவுரை இத்தகையவர்கள் 48 மணி நேரம் வரை காத்திருந்து பார்க்கலாம் என்கிறது. மலையில் இருப்பவர்களுக்கு நான் அதைப் பாதியாகக் குறைத்துத்தான் சொல்வேன். கீழ்க்கோத்தகிரியிலோ மஞ்சூருக்கு அப்பாலோ இருக்கிறவர்கள், உடம்பு மோசமாகிற நேரத்தில் கடைசிப் பஸ்ஸும் போயிருக்கும் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் எரிச்சல் தொடங்கினால் திங்கள்வரை பார்ப்போம் என்று இருக்காமல், அன்றைக்கே புறநோயாளிப் பிரிவு மூடுவதற்குள் வந்துவிடுங்கள்.

அந்த ஒரு நாளில் வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

தண்ணீர் குடியுங்கள். ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடிக்க வேண்டியதில்லை. மணிக்கு ஒரு தம்ளர் வீதம், சிறுநீர் வெளிர்மஞ்சளாக வரும் வரை போதும். பச்சைத் தண்ணீர் பல்லைக் கூசவைத்தால் வெதுவெதுப்பாகச் சீரகத் தண்ணீராகக் குடிக்கலாம். சாயாவையும் காப்பியையும் அந்த நாட்களில் குறையுங்கள். கஃபீன் ஏற்கெனவே புண்பட்ட பையை மேலும் உறுத்தி அவசரத்தைக் கூட்டும். கூடலூர்ப் பக்கத்தில் கட்டன் சாயாவையே (பால் சேர்க்காத தேநீர்) தண்ணீராகக் கணக்கிடும் பழக்கம் உண்டு. நோய் உள்ளபோது அந்தக் கணக்கு உதவாது.

வரும்போதெல்லாம் போய்விடுங்கள், எரியும் என்று பயந்து அடக்காதீர்கள். அடிவயிற்றில் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி வைத்தால் வலி குறையும். வெறும் தோலில் வைத்துத் தூங்கிப்போய்க் கொப்புளத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வலிக்குப் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் மாத்திரையை விழுங்குவதற்கு முன் தெர்மாமீட்டரை வைத்துக் காய்ச்சலைப் பார்த்து, நேரத்தோடு எழுதிவையுங்கள். பாராசிட்டமால் காய்ச்சலையும் இறக்கிவிடும். அதற்குப் பிறகு பார்த்தால் காய்ச்சல் இல்லை என்று நீங்களும் ஏமாறுவீர்கள், நாங்களும் ஏமாறுவோம்.

சிறுநீரகக் கோளாறோ இதயக் கோளாறோ இருந்து, தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது. அவர்கள் முதல் நாளே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பார்லிக் கஞ்சி, இளநீர், வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம் ஆகியவை தொற்றைக் குணமாக்குமா?

இவை எரிச்சலைத் தணிக்கின்றன, உடம்புக்குள் நீரைச் சேர்க்கின்றன. அந்த அளவில் பார்லிக் கஞ்சியை நானே பரிந்துரைக்கிறேன். எங்கள் வீட்டிலும் காய்ச்சுகிறோம். ஆனால் பைக்குள் வேரூன்றிய கிருமியை இவை கொன்றுவிடும் என்று எண்ணி நாட்களைக் கடத்தக் கூடாது. எரிச்சல் தணிந்த நிலையிலும் கிருமி மேலே ஏறிக்கொண்டிருக்கக் கூடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இளநீரிலும் வாழைத்தண்டிலுமுள்ள பொட்டாசியமே ஆபத்தாகலாம். சித்த மருந்து எடுக்க விரும்புகிறவர்கள் அரசு மருத்துவமனையிலுள்ள சித்த மருத்துவரிடமே கேட்டுச் சாப்பிடலாம். நாட்டு மருந்துக் கடைப் பொடியைத் தாங்களே அளந்து போட்டுக்கொள்ள வேண்டாம்.

கிரான்பெரி சாறு பற்றிக் கைப்பேசியில் படித்துவிட்டுக் கேட்கிறார்கள். அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு அது மறுபடியும் வருவதை ஓரளவு தடுக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. வந்துவிட்ட தொற்றுக்கு அது மருந்தாகாது. அந்த விலையைக் கொடுத்து வாங்குவதை விடத் தண்ணீரைக் கூட்டுவது மேல்.

மருந்துக் கடையில் கேட்டவுடன் கொடுக்கும் சிட்ரேட் சிரப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்து எரிச்சலை ஆற்றுகிறது. ஆனால் இந்தத் தொற்றுக்கு மருத்துவர் கொடுக்கும் நைட்ரோஃபுராண்டாயின் என்ற மாத்திரை அமிலச் சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மருந்தே இல்லாமல் தானாகச் சரியாகிவிடாதா?

சிலருக்குச் சரியாகிவிடுகிறது, இதை மறைப்பதில் பயனில்லை. ஜெர்மனியில் நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், சிக்கலற்ற தொற்றுள்ள பெண்களில் ஒரு பாதிப்பேருக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு ஐபுபுரூஃபன் என்ற வலிமாத்திரையை மட்டும் கொடுத்தார்கள். வலிமாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆன்டிபயாடிக் இல்லாமலே தேறினார்கள். ஆனால் அவர்கள் கூடுதல் நாட்கள் அவதிப்பட்டார்கள். சிறுநீரகம் வரை தொற்று ஏறியவர்கள் ஆன்டிபயாடிக் பிரிவில் 1 பேராக இருக்க, இந்தப் பிரிவில் 5 பேர் இருந்தார்கள். அந்தப் பெண்கள் மருத்துவரின் கண்காணிப்பில் இருந்தவர்கள், கூப்பிட்டால் பார்க்க ஆள் இருந்தது. 14 கொண்டை ஊசி வளைவு இறங்கி மேட்டுப்பாளையம் போக வேண்டியவருக்கு அந்த ஆய்வை அப்படியே பொருத்த நான் தயங்குகிறேன்.

யார் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது?

முதலில் கர்ப்பிணிகள். கர்ப்ப காலத்தில் சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் குழல்கள் தளர்ந்து விரிவதால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறுவது எளிது. குறைமாதப் பிரசவத்துக்கும் அது வழிவகுக்கும். எரிச்சல் எதுவுமே இல்லாமல் சிறுநீரில் கிருமி மட்டும் தெரிந்தாலும் கர்ப்பிணிக்கு மருத்துவம் செய்தே ஆக வேண்டும் என்பதற்காகத்தான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரைச் சோதிக்கச் சொல்கிறார்கள். அந்தச் சிறு பாட்டிலைக் கொடுப்பதை ஒரு சடங்காக எண்ண வேண்டாம்.

ஆண்களுக்கு வந்தால் எந்த வயதிலும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவர்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீக்கமோ சிறுநீர்ப்பாதையில் கல்லோ அடைப்போ பின்னால் இருக்கக்கூடும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறுநீரகத் தொற்று வேகமாக முற்றும். கல் உள்ளவர்கள், சிறுநீர் இறங்கச் செயற்கைக் குழாய் (கதீட்டர்) பொருத்தியிருப்பவர்கள், சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் ஆகியோரும் இதே வரிசையில் வருகிறார்கள். சிறு குழந்தைகளுக்கு எரிகிறது என்று சொல்லத் தெரியாது. சளியும் இருமலும் இல்லாத காய்ச்சல், சிறுநீர் போகும்போது அழுகை, பால் குடிக்க மறுப்பது, வாந்தி ஆகியவைதான் அவர்களின் மொழி. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இரவென்றும் பார்க்காமல் கிளம்ப வேண்டும்.

தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டதை எப்படிக் கண்டுகொள்வது?

100.4 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகின் ஒரு பக்கத்தில் வலி, குமட்டல் அல்லது வாந்தி, பற்கள் கிட்டும் அளவுக்கு நடுக்கம் ஆகியவை அதன் அடையாளங்கள். இவற்றில் நடுக்கத்தைப் பற்றி நான் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சமவெளியில் யாரும் தவறவிடாத அந்த அடையாளத்தை மலையில் நாம் தவறவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாத இரவில், தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டிலிருந்து நாற்பது வயதுள்ள ஒரு பெண்ணை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். நான்கு நாட்களாக எரிச்சல், பார்லிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் மாலையில் உடம்பு நடுங்கத் தொடங்கியபோது, பனி விழுகிற நேரம், குளிர்தான் என்று வீட்டில் எல்லோரும் எண்ணி, இரண்டு கம்பளியும் ஒரு ரஜாயும் போர்த்தி, அடுப்புப் பக்கம் படுக்கவைத்திருக்கிறார்கள். அவளுடைய மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "குளிருன்னுதானே சிஸ்டர் நெனச்சோம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கம்பளியை விலக்கி நான் தொட்டபோது நெற்றி கொதித்தது, விரல் நுனிகள் ஐஸ் மாதிரி இருந்தன, இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. ஊசிமருந்து ஏற்றி, மறுநாளே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, பத்து நாள் கழித்து அவள் நடந்து வீட்டுக்குத் திரும்பினாள். அந்த மாமியாரின் கை நடுக்கம் மட்டும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அதனால் ஒரு வேறுபாட்டை எல்லோரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஊர்க்குளிரால் வரும் நடுக்கம் போர்த்தி, அடுப்பருகே உட்கார்ந்தால் சில நிமிடங்களில் நின்றுவிடும். தொற்றினால் வரும் நடுக்கம் போர்த்தினாலும் நிற்காது, கட்டில் அசையும், அரை மணி நேரத்தில் உடம்பு கொதிக்கும். எரிச்சல் உள்ள ஒருவருக்கு அப்படி நடுங்கினால் வீட்டு மருத்துவம் அந்த நிமிடத்தோடு முடிந்துவிட்டது. அதோடு பேச்சுக் குழறுவது, மூச்சு வாங்குவது, அரை நாளாகச் சிறுநீரே இறங்காதது ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். கல்லடைப்பு வலி விட்டு விட்டு இடுப்பிலிருந்து தொடைப் பக்கம் இழுக்கும்போது காய்ச்சலும் கூடினால் அதுவும் இதே அளவு அவசரம்.

அரிவாள் செல் சோகை உள்ளவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

இது இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரை நோய். இந்தக் கேள்வி நம் மாவட்டத்துக்கே உரியது. இந்தியாவில் அரிவாள் செல் பண்பு முதன்முதலாக 1952-இல் கண்டறியப்பட்டது நீலகிரிப் பழங்குடி மக்களிடையேதான். இந்த நோய் உள்ளவர்களுக்கு மண்ணீரல் சரிவர வேலை செய்யாததால் எந்தத் தொற்றும் வேகமாக இரத்தத்தில் பரவும். சிறுநீரகமும் சிறுகச் சிறுகப் பாதிக்கப்படும். காய்ச்சலும் நீர் வற்றுவதும் சேர்ந்தால் உடம்பெங்கும் வலி எழும். ஆகவே அவர்கள் எரிச்சல் தொடங்கிய அன்றே போக வேண்டும், காய்ச்சல் என்றால் அந்த மணி நேரமே போக வேண்டும். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில் இருப்பவர்கள் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனைக்கோ அரசு மருத்துவமனைக்கோ போகலாம். நோய் அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இரவுப் பணியிலுள்ள மருத்துவர் உங்களை அறியாதவராக இருக்கலாம்.

போன தடவை எழுதிக்கொடுத்த மாத்திரையையே மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிடலாமா?

கூடாது. போன தடவை ஒரு மருந்துக்குக் கட்டுப்பட்ட கிருமி இந்தத் தடவையும் அதற்குக் கட்டுப்படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முன்பு எல்லோரும் கொடுத்துவந்த சிப்ரோஃபிளாக்சசின், நார்ஃபிளாக்சசின் போன்றவற்றுக்கு நம் நாட்டில் ஈ.கோலை பெரிதும் பழகிவிட்டது. இரண்டு மாத்திரை சாப்பிட்டு எரிச்சல் குறைந்ததும் நிறுத்தி, மீதியை அடுத்த தடவைக்கு வைப்பதும், பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுப்பதும் கிருமிக்குப் பாடம் எடுப்பதற்குச் சமம். அட்டையின் மேல் சிவப்புக் கோடு போட்டிருந்தால் மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கவோ வாங்கவோ கூடாத மருந்து என்று பொருள். செஃபிக்சைம் போன்ற சிலவற்றுக்கு 2014 மார்ச் முதல் கடைக்காரர் நோயாளியின் பெயரையும் எழுதியவரின் பெயரையும் தனிப் பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும் என்பது சட்டம்.

மருத்துவர் பொதுவாக எந்த மருந்தைக் கொடுப்பார்?

பையோடு நிற்கும் சாதாரணத் தொற்றுக்குப் பெரும்பாலும் நைட்ரோஃபுராண்டாயின் 5 நாட்கள், அல்லது ஃபாஸ்ஃபோமைசின் என்ற 3 கிராம் தூளைத் தண்ணீரில் கரைத்து ஒரே ஒரு வேளை. நைட்ரோஃபுராண்டாயினைச் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிட வேண்டும். சிறுநீர் பழுப்பாகவோ அடர்மஞ்சளாகவோ மாறும், அதற்குப் பயப்பட வேண்டாம். சிறுநீரகம் பழுதானவர்களும், ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களும், பிரசவத்தை நெருங்கியவர்களும் அதைச் சாப்பிடக் கூடாது. சிறுநீரகத்துக்கு ஏறிய தொற்றுக்கு அது பயன்படாது. அதற்கு வேறு மருந்தும், பல வேளைகளில் ஊசியும், 7 முதல் 14 நாட்களும் தேவைப்படும். எந்த மருந்தானாலும் 48 மணி நேரத்தில் தெளிவான முன்னேற்றம் தெரிய வேண்டும். தெரியவில்லையானால் மாத்திரை தீரும்வரை பொறுக்காமல் திரும்ப வாருங்கள்.

சிறுநீர்ப் பரிசோதனைக்கு எப்படிப் பிடித்துக் கொடுப்பது?

ஆன்டிபயாடிக் முதல் மாத்திரைக்கு முன்பே பிடிக்க வேண்டும், இதுதான் முதல் விதி. வெறும் தண்ணீரால் கழுவி, முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதை மருத்துவமனை கொடுத்த மூடியுள்ள பாட்டிலில், விளிம்பிலும் உள்ளேயும் விரல் படாமல் பிடியுங்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலை எவ்வளவு கழுவினாலும், கிருமியை வளர்த்துக் கண்டறியும் கல்ச்சர் சோதனைக்கு அது ஆகாது. பிடித்த 2 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர வேண்டும். முடியாதபோது குளிர்பெட்டியில் 4 டிகிரி செல்சியஸில் வைத்தால் ஒரு நாள்வரை தாங்கும். ஊர்க்குளிரே போதும் என்று ஜன்னலோரத்தில் வைத்துவிட்டு வருகிறார்கள். பகல் வெயில் ஏறினால் கிருமி பாட்டிலுக்குள்ளேயே பெருகி, முடிவு பொய்யாகிவிடும். ஊர் தொலைவு என்றால் மருத்துவமனைக்கு வந்தே பிடித்துக் கொடுங்கள். கல்ச்சர் முடிவு வர 2, 3 நாட்கள் ஆகும் என்பதால் மருத்துவர் அதற்கு முன்பே மருந்தைத் தொடங்குவார். முடிவைப் பார்த்துத் தேவையானால் மாற்றுவார்.

பாட்டியின் சிறுநீர் நாறுகிறது. வேறு தொல்லை இல்லை. மருந்து கொடுக்கலாமா?

நாற்றமும் கலங்கலும் மட்டும் இருந்தால் தண்ணீர் கூடுதலாகக் கொடுத்துப் பாருங்கள். வயதானவர்கள் பலருக்குத் தொல்லை தராத கிருமிகள் சிறுநீரில் இருப்பது வழக்கம், அதற்கு மருந்து கொடுப்பதால் நன்மை இல்லை. ஆனால் காய்ச்சல், சோர்ந்து படுத்துவிடுவது, திடீரென்று ஆளைத் தெரியாமல் பேசுவது ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். காரணம் சிறுநீராகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம்.

திரும்பத் திரும்ப வருகிறது. என்ன செய்வது?

6 மாதத்தில் 2 முறை அல்லது ஓராண்டில் 3 முறை வந்தால் காரணத்தைத் தேட வேண்டும். கல்ச்சரும், சில வேளைகளில் ஸ்கேனும், சர்க்கரைச் சோதனையும் தேவைப்படும். எளிய மருந்தாகத் தண்ணீரின் வலிமையை நிரூபித்த ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடித்து, அடிக்கடி தொற்றுக்கு உள்ளான 140 பெண்களில் பாதிப் பேரை ஓராண்டுக்கு நாள்தோறும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கவைத்தார்கள். மற்றவர்களுக்குச் சராசரியாக 3.2 முறை வந்த தொற்று அவர்களுக்கு 1.7 முறையாகக் குறைந்தது. நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் பாட்டில் தடைசெய்யப்பட்ட பிறகு ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில் பல பைகளில் வந்துவிட்டது. காலையில் வெந்நீர் நிரப்பி, மத்தியானத்துக்குள் காலியாக்கினாலே போதும்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைந்து அந்தப் பகுதி உலர்வதால் தொற்று கூடுகிறது. அதற்குப் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு உண்டு, நன்றாகவே வேலை செய்கிறது. கேட்க வெட்கப்பட்டுப் பலர் அதைப் பெறாமலே இருக்கிறார்கள்.

கணவரிடமிருந்து தொற்றிக்கொண்டதா?

இது பால்வினை நோய் இல்லை. உறவின்போது, உங்கள் தோலிலேயே இருக்கும் கிருமி உள்ளே தள்ளப்படுகிறது. உறவுக்குப் பிறகு சிறுநீர் கழித்துவிடுவது நல்ல பழக்கம். டெட்டாலும் வாசனைச் சோப்பும் கொண்டு உட்புறத்தைக் கழுவினால் காக்கும் கிருமிகளும் அழிந்துவிடும், வெறும் தண்ணீர் போதும். எரிச்சலோடு வெள்ளைப்படுதலும் அரிப்பும் இருந்தால் அது வேறு தொற்று. அதற்கு மருந்தும் வேறு.

ஆண் மருத்துவரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

சீட்டுப் போடும் இடத்தில் எல்லோர் முன்னும் சொல்ல வேண்டாம். செவிலியரைத் தனியாகக் கேளுங்கள், உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரிடம் முதலில் சொல்லலாம். 104 என்ற அரசு மருத்துவ ஆலோசனை எண்ணிலும் கேட்கலாம். எரிகிறது, இத்தனை நாளாக, காய்ச்சல் உண்டு அல்லது இல்லை என்ற மூன்றைச் சொன்னால் மருத்துவருக்குப் பெரும்பகுதி புரிந்துவிடும். சாதாரணத் தொற்றுக்கு உடம்பைத் திறந்து பார்க்க வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது.

மழையில் மண்சரிந்து பாதை அடைபட்ட இரவில் காய்ச்சலும் நடுக்கமும் வந்தால்?

ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும், ஆனி, ஆடியில் கூடலூர்ப் பக்கமும் இது நடக்கிற காரியம்தான். முதலில் 108-ஐ அழையுங்கள். எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும், வண்டி பாதிவழி வந்து நிற்க நீங்கள் ஜீப்பில் அதுவரை போய்ச் சேரவும் ஏற்பாடு செய்யலாம். கீழே இறங்க முடியாவிட்டால் மேலேயே போங்கள்: குன்னூரிலும் கோத்தகிரியிலும் அரசு மருத்துவமனைகளும், ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன, கோயம்புத்தூர் போனால்தான் பிழைப்போம் என்று அடைபட்ட சாலையில் காத்திருந்து நேரத்தை இழக்க வேண்டாம். எஸ்டேட் மருத்துவமனையில் செவிலியர் ஒருவர் இருந்தாலும், முதல் ஊசியையும் குளுக்கோஸையும் மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டுத் தொடங்கிவிட முடியும்.

வண்டி வரும்வரை, வாந்தி இல்லையென்றால் சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுங்கள். காய்ச்சல் எத்தனை மணிக்கு எவ்வளவு, கடைசியாகச் சிறுநீர் எப்போது போனது, எந்த மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போடுங்கள். மருந்து ஒவ்வாமை இருந்தால் அதைத் தாளின் தலைப்பில் பெரிதாக எழுதி, தாளை நோயாளியின் ஸ்வெட்டர் பையில் வையுங்கள். வண்டி மாறினாலும் ஆள் மாறினாலும் அது அவரோடு வந்து சேரும்.